மாந்தோல் தொட்டி

ஜூன் 3, செவ்வாய்

காலை ஏழு மணிக்குள் நான்கு டிராக்டர் மாந்தோல் வந்து இறங்கிவிட்டது. பெங்களூரா ரகம். தோல் தடிப்பு, நார் அதிகம். பக்கத்துக் கூழ் ஆலையில் சதையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்களுக்குத் தள்ளுகிறார்கள். போன வருஷம் வரை இதெல்லாம் பர்கூர் சாலையோரம் குவிந்து, ஈ மொய்த்து, மழை வந்தால் ஏரியில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்ததாம்.

இங்கே அதை அரைத்து, வேகவைத்து, ஆறியதும் ஐயாயிரம் லிட்டர் தொட்டியில் விட்டு ஈஸ்ட் சேர்க்கிறோம். கூடவே ஒரு அமினோ அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுகிறோம். மூன்று நாளில் ஈஸ்ட் அதை ரோஜா வாசனையுள்ள ஒரு பொருளாக மாற்றித் தந்துவிடுகிறது. சென்ட்டிலும் சோப்பிலும் சேர்க்கிற பொருள். கல்லூரி ஆய்வகத்தில் நான்கு வருஷம் கண்ணாடிக் குடுவையில் செய்ததை இப்போது தொட்டியில் செய்கிறேன். அறைக் கதவில் 'மங்கையர்க்கரசி, நொதித்தல் பிரிவுப் பொறுப்பாளர்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். படம் எடுத்து அரக்கோணத்துக்கு அனுப்பினேன். அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டியிருப்பாள்.

தொட்டி கழுவ மாதம்மா என்று ஒருத்தர் வந்திருக்கிறார். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளி. இதற்கு முன் கூழ் ஆலையில் தோல் பொறுக்கியவர். எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்கிறார்.

"இந்த ஈஸ்ட்டு உசுருள்ளதா மேடம்?"

"ஆமா."

"மூச்சு வுடுமா?"

"விடும். அந்த நுரையெல்லாம் அது விடற மூச்சுதான்."

"அப்ப வேலை முடிஞ்சதும் சுடுதண்ணி ஊத்திக் கொல்றோமே!"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

இருபதாம் தேதி மும்பையிலிருந்து வாங்குகிறவர்கள் வருகிறார்கள். அதற்குள் இரண்டு தொட்டியும் ஒரு சுற்று கூடுதலாக ஓடியிருக்க வேண்டும் என்று ஆலைத் தலைவர் ரகோத்தமன் சார் சொல்லிவிட்டார். குரலை உயர்த்த மாட்டார். "ப்ளீஸ் அட்ஜஸ்ட் அரசி" என்பார். அதற்கு மேல் பேச முடியாது.

தொட்டிக்குள் ஆள் இறங்குவதானால் அனுமதிச் சீட்டு வேண்டும். மேல்மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் காற்று அடித்து, வாயுவை அளந்து, வெளியே ஒருவரைக் கயிற்றோடு நிறுத்திவிட்டு, நான் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் என்னைத் தேடி ஆய்வகத்துக்கு ஓடி வருகிறார்கள் என்பதால் புத்தகத்தில் பத்துத் தாளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்தேன். முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்வாராம்.

வாயு அளக்கும் கருவி பழுதாகி பெங்களூருக்குப் போயிருக்கிறது. ஒரு வாரத்தில் வந்துவிடும்.

ஜூன் 9, திங்கள்

இரண்டாம் தொட்டியில் ஈஸ்ட் சோர்ந்துவிட்டது. அது செய்கிற வாசனைப் பொருளே ஓர் அளவைத் தாண்டினால் அதற்கு விஷம். குடுவையில் இந்தத் தொல்லையைச் சமாளித்திருக்கிறேன். தொட்டியில் முடியவில்லை. ரகோத்தமன் சார் மூன்று முறை போன் செய்தார்.

மெஸ்ஸில் மூன்றாவது நாளாகத் தக்காளி சாதம்.

ஜூன் 11, புதன்

இரண்டாம் தொட்டியை நாளை காலை காலி செய்கிறோம். யார்டில் தோல் புளிக்க ஆரம்பித்துவிட்டது. நாளை மதியத்துக்குள் அடுத்த சுற்று ஏற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் மொத்தமும் குப்பை.

ஜூன் 12, வியாழன்

இன்று எழுதவில்லை.

ஜூன் 13, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று காலை பத்து மணிக்கு இரண்டாம் தொட்டியை வடித்தோம். அடி வால்வில் நார் அடைத்துக்கொண்டது. முழங்கால் அளவு குழம்பு இறங்காமல் நின்றுவிட்டது. காற்றடிக்கும் ப்ளோவர் பாய்லர் பக்கம் இருந்தது. ஆபரேட்டர் அன்சர் பாஷா அதை எடுத்துவரப் போனார். நான் ஆய்வகத்தில் இருந்தேன், இயந்திரத்தில் சாம்பிள் ஓடிக்கொண்டிருந்தது. பாஷா திரும்பியபோது மூடிக்குப் பக்கத்தில் மாதம்மாவின் செருப்பு மட்டும் கிடந்திருக்கிறது. எட்டிப் பார்த்தால் உள்ளே குழம்பில் சாய்ந்து கிடந்தார்.

ஈஸ்ட் விடும் கரியமில வாயு காற்றைவிடக் கனம். தொட்டி காலியானாலும் அடியில் தேங்கி நிற்கும். நிறம் கிடையாது. குழம்பின் வாசனையில் எதுவும் வித்தியாசமாகத் தெரியாது. ஏணியில் நாலு படி இறங்கினால் போதும்.

பாஷா காற்றை உள்ளே விட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கித் தூக்கினார். இரண்டு பேர் மேலிருந்து இழுத்தார்கள். மூச்சு இருந்தது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அவர் தானாகவே இறங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

ஜூன் 14, சனி

கிருஷ்ணகிரிக்குப் போகலாம் என்று காலையில் கிளம்பினேன். கேட்டில் வாட்ச்மேன் தடுத்தார்.

"விசாரணை முடியற வரைக்கும் நீங்க உள்ளயே இருக்கணும்னு சார் சொல்லியிருக்கார் மேடம். உங்க நல்லதுக்குத்தானாம். என்ன வேணும்னு சொல்லுங்க, வாங்கியாறேன்."

ஆலைக்குள்ளேயே இருக்கும் விருந்தினர் விடுதியில்தானே மூன்று மாதமாக இருக்கிறேன், புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இன்றுதான் கவனித்தேன், என் அறை ஜன்னலுக்கு வெளியே தெரிவது தோல் குவியலும் அதற்கு அந்தப் பக்கம் மதிலும் மட்டும். மதிலுக்கு மேலே லாரிகளின் தலை மட்டும் போகிறது.

மாதம்மாவுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

வாட்ச்மேனிடம் சோப்பு கேட்டேன். வாசனை இல்லாத சோப்பாக வாங்கி வரச் சொன்னேன். அப்படி ஒன்று கடையில் இல்லையாம்.

ஜூன் 16, திங்கள்

மாதம்மா கண் விழித்துவிட்டார். பேசுகிறார். கடவுளே.

ரகோத்தமன் சார் கூப்பிட்டார். மேஜை மேல் டைப் செய்த தாள் ஒன்று. 'மேற்படி தொழிலாளி எவருடைய அறிவுறுத்தலும் இன்றி, தானாகவே தொட்டிக்குள் இறங்கினார்' என்று இருந்தது. கீழே என் பெயர்.

"படிச்சுப் பாருங்க. நீங்க லேப்ல இருந்தீங்க, அதுவும் இருக்கு."

"சார், நான் அவங்ககிட்ட வால்வ பார்த்துக்கோன்னு..."

"பார்த்துக்கோன்னா இறங்குன்னு அர்த்தமா அரசி? வெளிய இருந்தும் பார்க்கலாம்." தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "பர்மிட் புக் என்கிட்ட பத்திரமா இருக்கு. வெறும் தாள்ல உங்க கையெழுத்து. ஒண்ணு ரெண்டு இல்ல, மிச்சம் ஆறு தாள். வேற யார் கையிலயாவது கிடைச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. உங்க ஒரிஜினல் சர்டிபிகேட்ஸ் எல்லாமே ஹெட் ஆபீஸ்லதான் இருக்கு. உங்க கெரியர் இப்பத்தான் ஆரம்பம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"பார்த்துக்கோ" என்றுதான் சொன்னதாக ஞாபகம்.

ஜூன் 17, செவ்வாய்

முதல் தொட்டி, அறுபதாம் மணி. வெப்பம் முப்பது. நுரை சரி. பொருள் லிட்டருக்கு இரண்டரை கிராம்.

ஜூன் 18, புதன்

முதல் தொட்டியில் சாம்பிள் எடுக்கப் போனேன். பாஷா பம்ப்பில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஆறு நாளாக என்னோடு வேலைக்கு வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நானே கேட்டேன்.

"உங்ககிட்டயும் எழுதி வாங்கினாங்களா பாஷாண்ணே?"

"வாங்கினாங்க. நான் ப்ளோவர் எடுக்கப் போனேன், வந்து பார்த்தேன், தூக்கினேன். கண்ணால பார்த்தத எழுதிக் குடுத்தேன். பார்க்காதத எழுதல."

"அவங்க ஏன் எறங்கினாங்கன்னு..."

துணியில் கையைத் துடைத்தார். முழங்கையில் ஏணி கீறிய காயத்துக்குக் கட்டுப் போட்டிருந்தார்.

"மேடம், அந்தம்மா லிஃப்ட்ல ஏறாது. கேன்டீனுக்கு மூணு மாடி நடந்து வரும், மூடின எடம்னா பயம். வந்த புதுசுல எண்ணெய் டேங்க் கழுவச் சொன்னப்பவே காத்து அடிச்சியா, அடிச்சியான்னு என்னை நாலு தடவ கேட்டுச்சு. அது தானா எறங்கிச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத் தெரியாது." பம்ப் மூடியைப் போட்டு இறுக்கினார். "உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆபரேட்டர் இப்படிப் பேசலாமா என்றுகூட நினைத்தேன். சாம்பிள் குப்பியைக் கை தவறிப் போட்டு உடைத்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

ரகோத்தமன் சார் கம்பெனிக் காரில் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஏழு நாளுக்குப் பிறகு கேட்டுக்கு வெளியே. பழக்கூடை ஒன்று அவர் மடியில் இருந்தது. ஆப்பிள், ஆரஞ்சு. மாம்பழம் இல்லை.

மாதம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை நடுங்கிக்கொண்டே இருக்கிறது. அவர் கணவர் திம்மராயன் டம்ளரைப் பிடித்து ஊட்டுகிறார். மூளைக்குக் கொஞ்ச நேரம் காற்றுப் போகாததால் வந்த நடுக்கமாம். குறையலாம், குறையாமலும் போகலாம். அன்று காலை டீ குடித்தது வரை நினைவிருக்கிறதாம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"மேடம், என்னால உங்களுக்குக் கெட்ட பேரு வந்துட்டதாமே. சாரு சொன்னாரு. யாரும் சொல்லாமலே எறங்கிட்டேனாம். ஏன் எறங்கினேன்னு எனக்கே தெரியல. மன்னிச்சுக்கோங்க."

ரகோத்தமன் சார் என்னைப் பார்த்தார்.

"பரவால்ல மாதம்மா. ஒடம்பப் பார்த்துக்கோங்க" என்றேன்.

இதைத்தான் சொன்னேன். எழுதி வைக்கிறேன். வேறு என்ன எழுதினாலும் இதை எழுதாமல் விடக்கூடாது.

திரும்பும்போது காரில் சார் சொன்னார், "அந்தம்மாவும் ஸ்டேட்மென்ட்ல கையெழுத்துப் போட்டாச்சு. பாவம், நேரமாச்சு, கை நடுக்கத்துல." ஜன்னலை இறக்கப் பார்த்தேன். பூட்டியிருந்தது, டிரைவர் பக்கம்தான் அதற்கு ஸ்விட்ச்.

ஜூன் 20, வெள்ளி

மும்பைக்காரர்கள் வந்தார்கள். நல்ல சேலை கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். முதல் தொட்டியின் சரக்கைச் சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, மாம்பழத் தோலிலிருந்தா, நம்பவே முடியவில்லை என்றார்கள். கை குலுக்கினார்கள். இரண்டாம் தொட்டி ஏன் நிற்கிறது என்று கேட்டபோது பராமரிப்பு வேலை என்றேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாகவே சொன்னேன்.

ஜூன் 21, சனி

பதினாறாம் தேதி, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்ததாக எழுதியிருக்கிறேன். பொய். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்தேன். அவர் பேனாவைத் திறந்து கொடுத்தார், வாங்கிப் போட்டேன்.

பதின்மூன்றாம் தேதி எழுதியதும் பாதிதான். ஆய்வகத்தில் இருந்தேன் என்பது உண்மை, ஆனால் எதற்குப் பிறகு அங்கே போனேன் என்று எழுதவில்லை.

நான் தொட்டி மூடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். போனில் ரகோத்தமன் சார், "எத்தன மணிக்கு ஏத்துறீங்க? யார்ட்ல தோல் நாறுது" என்றார். பாஷா ப்ளோவரோடு வரக் கால் மணி நேரம் ஆகும், அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் காற்று அடிக்க வேண்டும். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். முழங்கால் அளவுதானே என்று தோன்றியது. மாதம்மாவைக் கூப்பிட்டேன்.

"அஞ்சு நிமிஷ வேலை. எறங்கி அந்த நார மட்டும் இழுத்து விட்டுட்டு ஏறிடுங்க."

"காத்து வுடணும்னு பாஷா அண்ணன் சொல்லுவாரே மேடம்?"

"அவர் வர்றதுக்குள்ள நீங்க ஏறிடலாம். நான் சொல்றேன்ல?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். சேலையைத் தூக்கிச் செருகினார். செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்தார். ஏணியில் கால் வைத்ததும் மறுபடி ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஆய்வகத்தில் இயந்திரம் ஒலி எழுப்பியது, சாம்பிள் முடிந்துவிட்டது. அதை எடுக்கப் போனேன். கயிறு பிடிக்க யாரையும் நிறுத்தவில்லை.

கரியமில வாயு அடியில் தேங்கும் என்பது எனக்குத் தெரியாதா? ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறேன்.

மதியம் அம்மா போன் செய்தாள். "சாப்ட்டியா கண்ணு?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன்.

ஜூன் 23, திங்கள்

தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. மூக்குக் கண்ணாடி, துணிப்பை. தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். ஏணியை ஆட்டிப் பார்த்தார். பிறகு அலுவலக அறையில் உட்கார்ந்து தாள்களைப் பிரித்தார். பக்கத்தில் ரகோத்தமன் சார். எதிரே நான்.

என் வாக்குமூலத்தைச் சத்தமாகப் படித்தார். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல்தான். வேறு யாருடைய கதையோ போல இருந்தது.

"சரிதானே?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த தாளை எடுத்தார்.

"சரியில்ல மேடம்."

"எழுத்துப் பிழையா?"

"இல்ல. நான்தான் எறங்கச் சொன்னேன்."

ரகோத்தமன் சார் என் பக்கம் திரும்பி, "அரசி, உங்களுக்கு உடம்பு சரியில்ல, ரெஸ்ட் எடுங்க" என்றார். குரல் அப்போதும் உயரவில்லை. ஆய்வாளர் பேனாவை மூடினார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்" என்றார். அவர் எழுந்து போகும்வரை காத்திருந்தார்.

"இதோட விளைவு என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரியாது. சொல்றேன், கேளுங்க."

சொன்னார். வழக்கு வரும், என் மேலும் நிர்வாகத்தின் மேலும். இனி இந்தத் தொழிலில் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். கேட்டுவிட்டு, கையெழுத்திட்ட வெறும் தாள்களைப் பற்றியும் பழுதான கருவியைப் பற்றியும் சொன்னேன். புத்தகம் இருக்கும் அலமாரியையும் சொன்னேன். ஒரு மணி நேரம் என் வாயால் சொல்லச் சொல்ல அவர் கையால் எழுதினார். நடுவில் ஒரே ஒரு தடவை நிமிர்ந்தார்.

"அந்தம்மா ரெண்டாவது தடவ உங்கள பார்த்தப்ப என்ன நெனச்சீங்க?"

"ஒண்ணும் நெனைக்கல மேடம். சாம்பிளப் பத்தி நெனச்சேன்."

அதையும் எழுதிக்கொண்டார்.

ஜூன் 24, செவ்வாய்

வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சர்டிபிகேட் கேட்டேன். வழக்கு முடியட்டும் என்றார்கள். முதல் தொட்டியைப் பாஷாவிடம் ஒப்படைத்தேன். ஊட்டும் வேகத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "பஸ் ஸ்டாப் வரைக்கும் பெட்டிய நான் எடுத்தாறேன்" என்றார்.

நான் போவதற்கு முன்பே வாட்ச்மேன் கேட்டை அகலமாகத் திறந்து வைத்திருந்தார்.

"இனிமே உங்கள உள்ள விட வேணாம்னு சொல்லியிருக்கார் மேடம்."

அரக்கோணம் போக முடியாது. போனால் அம்மாவிடம் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரியில் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் கிடைத்தது. அறையில் நாலு பேர். ஜன்னல் இல்லை.

ஜூன் 25, புதன்

ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

இன்று போனேன்.

மாதம்மா கீழே பாயில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திம்மராயன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை.

"மாதம்மா, நீங்க தானா எறங்கல. நான்தான் எறங்கச் சொன்னேன்."

கை சோற்றிலேயே நின்றுவிட்டது. திம்மராயன் எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். மாதம்மா கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார்.

"திருப்பிச் சொல்லுங்க மேடம்."

சொன்னேன். எங்கே நின்றேன், என்ன சொன்னேன் என்று.

"நான் என்ன சொன்னேன்?"

"காத்து விடணும்னு பாஷா அண்ணன் சொல்லுவாரேன்னு கேட்டீங்க."

"கேட்டேனா?"

"கேட்டீங்க. அவர் வர்றதுக்குள்ள ஏறிடலாம்னு சொன்னேன். ஏணில கால வச்சப்ப இன்னொரு தடவ என்னை பார்த்தீங்க."

அழப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கணவர் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கினியா? நான் கேட்டிருக்கிறேன். கேக்காம எறங்கல." பிறகு என்னைப் பார்த்தார். "பத்து நாளு மேடம். யாரும் சொல்லாம தண்ணித் தொட்டியக்கூட எட்டிப் பார்க்காதவ எப்படி அதுக்குள்ள தானா போனேன்னு பத்து நாளா மண்டைய ஒடைச்சிக்கினு கெடக்கிறேன். புத்தி பெரண்டுட்டதுன்னே இருந்தேன். நாளைக்குக் கெணத்துல எறங்கிடுவனோ, ரோட்டுல போய் நின்னுடுவனோன்னு இந்த மனுசன் என்னைத் தனியா கக்கூசுக்குக்கூட வுடறதில்ல. அன்னிக்கு வந்தீங்களே, உங்ககிட்டதானே மன்னிப்புக் கேட்டேன். பரவால்லன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"எப்படி மேடம் சொல்ல வந்துச்சு?"

ஆய்வாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கோர்ட்டிலும் சொல்வேன் என்றேன். மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. மாதம்மா நடுங்கும் கையை மறு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க போங்க" என்றார். "இனிமே இங்க வராதீங்க."

வந்துவிட்டேன். வராந்தாவில் நின்று செருப்பை மாட்டினேன். கதவு சாத்தவில்லை. உள்ளே மாதம்மா கணவரிடம் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. நிதானமாக, முதலிலிருந்து, எல்லாம் ஞாபகம் இருப்பதைப்போல.

"டீ குடிச்சுட்டு வர்றேன். மேடம் கூப்புடுது. எறங்குன்னு சொல்லுது. நான் கேக்கறேன், காத்து வுடணுமே மேடம்னு..."